ஐசன்ஹோவரின் காணி

1950ஆம் ஆண்டு. நேச நாடுகளின் படைகளை நோர்மண்டிக் கரையில் இறக்கி ஹிட்லரின் ஜெர்மனியைத் தோற்கடித்த தளபதிக்கு அப்போது அறுபது வயது. உலகம் முழுக்க அவருடைய பெயர் தெரியும். ஆனால் சொந்தமாக ஒரு வீடு கிடையாது, ஒரு பரப்புக் காணி கிடையாது. ட்வைற் ஐசன்ஹோவரும் மனைவி மேமியும் கலியாணம் கட்டி அப்போது 34 வருடம். பனாமா, பாரிஸ், வாஷிங்ரன், பிலிப்பைன்ஸ் என்று இராணுவம் அனுப்பிய இடமெல்லாம் பெட்டி கட்டிக்கொண்டு போய், முப்பது தடவைக்கு மேல் வீடு மாறிவிட்டார்கள். எல்லாம் இராணுவம் தந்த வீடு, இல்லாவிட்டால் வாடகை வீடு.

அந்த வருடம்தான் பென்சில்வேனியா மாநிலத்தில் கெற்றிஸ்பேர்க் என்ற சின்னப் பட்டினத்துக்கு வெளியே 189 ஏக்கர் பண்ணை ஒன்றை வீட்டோடும் மாட்டுக் கொட்டிலோடும் சேர்த்து 40,000 டொலருக்கு வாங்கினார்கள். அவர்களுடைய வாழ்க்கையில் முதலாவதும் கடைசியுமான சொந்த வீடு அது. அமெரிக்காவின் 34ஆவது ஜனாதிபதியின் பண்ணை என்று இன்றைக்கு அதைத்தான் சனம் போய்ப் பார்க்கிறது.

ஏன் அந்த இடம் என்று கேட்பீர்கள். அமெரிக்க உள்நாட்டுப் போரின் மிகப்பெரிய சண்டை 1863 யூலை 1 முதல் 3 வரை கெற்றிஸ்பேர்க்கில்தான் நடந்தது. மூன்று நாளில் இரண்டு பக்கத்திலும் செத்தவர்கள், காயப்பட்டவர்கள், காணாமற் போனவர்கள், பிடிபட்டவர்கள் எல்லாம் சேர்த்துச் சுமார் 51,000 பேர். இராணுவக் கல்லூரி மாணவனாக 1915இல் அந்தப் போர்க்களத்தைப் படிக்க வந்தார் ஐசன்ஹோவர். 1918இல் முதலாம் உலகப்போருக்காகத் தாங்கிப் படைக்கு ஆட்களைப் பழக்கும் முகாம் ஒன்றை அதே வெளியில் நடத்தினார். அந்த இலையுதிர் காலத்தில் இன்புளுவென்சாக் காய்ச்சல் முகாமுக்குள் புகுந்து நூற்றுக்கு மேற்பட்ட இளம் சிப்பாய்களைக் கொண்டுபோனது. போர்முனைக்குப் போகாமலே அவர் மரணத்தைப் பார்த்த இடம் அது.

இன்னொரு காரணமும் உண்டு. ஐசன்ஹோவரின் முன்னோர்கள் 1741இல் ஜெர்மனியிலிருந்து கப்பலேறிப் பென்சில்வேனியாவுக்கு வந்தவர்கள். பிறகு யுத்தமே பாவம் என்று நம்புகிற ஒரு கிறிஸ்தவப் பிரிவோடு சேர்ந்து வாழ்ந்தவர்கள். அவருடைய பாட்டனார் 1878இல் அங்கிருந்து கன்சாஸுக்குக் குடிபெயர்ந்தார். ஆக, அறுபது வயதில் பேரன் காணி வாங்கியது பாட்டன் விட்டுப்போன மாநிலத்தில்.

போன கோடை விடுமுறைக்கு ரொறன்ரோவிலிருந்து குடும்பமாக அந்தப் பக்கம் போனோம். காரில் ஏறக்குறைய ஏழு மணித்தியாலம். மகனுக்குப் போர்க்களத்தைப் பார்க்க ஆசை. மகளுக்கு வாஷிங்ரனுக்குப் போக ஆசை. அம்மாவுக்கு ஒன்றிலும் ஆசையில்லை, வீட்டில் தனியாக இருக்க ஏலாது என்பதால் வந்தா. பீரங்கிகளையும் சிலைகளையும் காரில் இருந்தபடியே பார்த்தா. "உவங்களும் தங்களுக்குள்ளை தானே அடிபட்டவங்கள்" என்று கேட்டா. ஓம் என்றேன். அதற்குப் பிறகு பேசவில்லை.

பண்ணைக்கு வந்தபோதுதான் அம்மாவுக்கு முகம் தெளிந்தது. வெளிச்சமான புல்வெளி, சிவப்புக் கொட்டில், தூரத்தில் மலை. "எத்தினை பரப்பு?" என்பதுதான் முதற் கேள்வி. ஏக்கருக்குப் பதினாறு பரப்பு. மகன் தொலைபேசியில் கணக்குப் பார்த்து "3,024 அப்பம்மா" என்றான். "என்ரை கடவுளே, மூவாயிரம் பரப்போ? ஆர் உதெல்லாம் கொத்துறது?" யாழ்ப்பாணத்தில் நாலு பரப்புத் தோட்டத்தில் வெங்காயமும் மிளகாயும் போட்டு ஐந்து பிள்ளைகளை வளர்த்தவவின் கேள்வி அது.

அந்த வீட்டின் கதை சுவாரசியமானது. பழைய வீட்டைத் திருத்தலாம் என்றுதான் மேமி நினைத்திருந்தா. செங்கல் சுவரைத் திறந்து பார்த்தால் உள்ளே மரக்குற்றிகளால் கட்டிய இன்னொரு பழைய வீடு இருந்தது, அதுவும் உக்கிப்போய். பெரும் பகுதியை இடித்துவிட்டுக் கொஞ்சச் சுவரையும் பழைய அடுப்படியையும் மட்டும் மிச்சம் வைத்துப் புதிதாகக் கட்டினார்கள். வேலை முடிய 1955 ஆகிவிட்டது. காணி வாங்கிய கையோடு 1951இல் அவர் நேட்டோப் படைத் தளபதியாகப் பாரிசுக்குப் போகவேண்டி வந்தது. அடுத்த வருடம் தேர்தல், 1953இல் வெள்ளை மாளிகை. சொந்த வீடு கட்டுகிற நேரத்தில் சொந்தக்காரர் ஊரில் இல்லை. எங்கடை ஆக்களுக்கு இது புதுக்கதை இல்லைத்தானே.

மேமி 1979இல் காலமாகும்வரை அங்கேயே வாழ்ந்ததால் தளபாடங்கள் கிட்டத்தட்ட எல்லாம் அவர்கள் பாவித்தவைதான். பெரிய வரவேற்பறையில் உலகத் தலைவர்கள் தந்த பரிசுகள் நிறைந்திருக்கின்றன. முத்துச்சிப்பி பதித்த கொரிய மேசை, ஈரானின் ஷா மன்னர் கொடுத்த பாரசீகக் கம்பளம், ஒருகாலத்தில் வெள்ளை மாளிகையில் இருந்த பளிங்குக் கணப்படுப்பு. அந்த அறை ஐசன்ஹோவருக்குப் பிடிப்பதில்லையாம். கண்ணாடி அடைத்த பின் விறாந்தைதான் அவருடைய இடம். அங்கேதான் இருந்து படம் கீறுவார். அங்கேதான் இருவரும் தட்டை மடியருகே வைத்துக்கொண்டு தொலைக்காட்சி பார்த்தபடி இராச்சாப்பாடு சாப்பிடுவார்கள். "எங்கடை வீடு மாதிரித்தான்" என்றாள் மகள். மேமியின் படுக்கையறை, குளியலறை எல்லாம் ஒரே இளஞ்சிவப்பு. என் மனைவிக்கு அது பிடித்துவிட்டது. நான் வாயைத் திறக்கவில்லை.

மாட்டுக் கொட்டிலடியில் நின்ற பூங்கா அலுவலர் ஒருவர் ஐசன்ஹோவரின் விவசாயத்தைப் பற்றி நல்லாக விளங்கப்படுத்தினார். அவர் வாங்கும்போது மண் சாரமில்லாமல் களைத்துப் போயிருந்தது. அதைத் தான் வாங்கின நிலையை விட நல்ல நிலையில் விட்டுப் போகவேணும் என்பது அவருடைய விருப்பம். பயிரையும் மேய்ச்சலையும் மாற்றி மாற்றிவிட்டு, எருப்போட்டு மண்ணைத் தேற்றினார். கறுப்பு அங்கஸ் இன மாடுகளை வளர்த்துக் கண்காட்சிகளுக்கு அனுப்பினார். அயற்காணிகளை வாங்கிய பணக்கார நண்பர்கள் அவரோடு பங்காகப் பண்ணை நடத்தினார்கள். ஜனாதிபதிக்கு இது அழகா என்று அந்தக் காலத்திலேயே பத்திரிகைகளில் எழுதப்பட்டது. நான் சொல்வதை அம்மா கேட்டுக்கொண்டு வந்தா. மண்ணைக் கொஞ்சம் கிள்ளி விரலால் நசுக்கிப் பார்த்துவிட்டு "நல்ல மண்" என்றா.

இந்தப் பண்ணை வெறும் ஓய்வு வீடாக இருக்கவில்லை. 1955 செப்ரெம்பரில் ஐசன்ஹோவருக்கு மாரடைப்பு வந்தது. உடம்பு தேறுகிற காலத்தில் கொஞ்ச நாட்கள் நாட்டின் நிர்வாகமே கெற்றிஸ்பேர்க்கிலிருந்து நடந்தது. பிறகு வெளிநாட்டுத் தலைவர்கள் வரத் தொடங்கினார்கள். வாஷிங்ரனில் மேசைக்கு அங்காலும் இங்காலும் இருந்து கதைப்பதை விட, மாடுகளைக் காட்டிவிட்டு விறாந்தையில் இருந்து கதைத்தால் ஆளை அறியலாம் என்பது அவருடைய எண்ணம்.

1956 டிசெம்பரில் நேரு வந்தார். ஒரு நாள் இரவு அந்த வீட்டிலேயே தங்கினார். சுயெஸ் கால்வாய்க்காகப் பிரித்தானியாவும் பிரான்சும் இஸ்ரேலும் எகிப்தைத் தாக்கியும், ஹங்கேரியில் சோவியத் தாங்கிகள் எழுச்சியை நசுக்கியும் ஆறேழு வாரம்தான். சுயெஸ் விடயத்தில் தன்னுடைய கூட்டாளிகளையே பின்வாங்க வைத்தவர் ஐசன்ஹோவர். ஹங்கேரியைப் பற்றி வாய்திறக்கத் தாமதித்தவர் என்று விமர்சிக்கப்பட்டவர் நேரு. இருவரும் மணிக்கணக்காகக் கதைத்தார்கள். பாகிஸ்தானுக்கு அமெரிக்கா கொடுத்த ஆயுதமும் சீனாவும் அந்தப் பேச்சில் வந்தன. கருத்து ஒன்றாகவில்லை. ஆனால் ஒருவரையொருவர் மதிக்கத் தொடங்கினார்கள். 1959இல் ஐசன்ஹோவர் டெல்லி போனபோது தெருவில் இலட்சக்கணக்கான சனம் நின்றது.

1959 செப்ரெம்பரில் குருஷேவ் வந்தார். பக்கத்தில் மலையில் இருக்கும் காம்ப் டேவிட்டில் பேர்லின் பிரச்சினையைப் பற்றிக் கதைத்துச் சலித்து, ஹெலிகொப்டரில் பண்ணைக்கு வந்தார்கள். அங்கே ஐசன்ஹோவரின் பேரப்பிள்ளைகளைக் கண்டதும் குருஷேவ் குழந்தையாகிவிட்டார். அவர்களின் பெயர்களை ரஷ்ய மொழியில் சொல்லிக் காட்டி, தாத்தாவோடு மொஸ்கோவுக்கு வாருங்கள் என்று அழைத்தார். அந்தப் பயணம் நடக்கவேயில்லை. 1960 மே முதலாம் திகதி சோவியத் வானில் அமெரிக்க உளவு விமானம் சுட்டு விழுத்தப்பட்டது. அந்தப் பறப்புகளுக்கு அனுமதி கொடுத்ததே ஐசன்ஹோவர்தான். அழைப்பு மீளப்பெறப்பட்டது.

எங்கடை சமையலறைக்கும் அந்த ஆட்சிக்கும் ஒரு தொடர்பு உண்டு. கோதுமை மாவை நாங்கள் இன்றைக்கும் "அமெரிக்கன் மா" என்றுதான் சொல்லுகிறோம். அமெரிக்க விவசாயிகளின் மிஞ்சிய தானியத்தை வறிய நாடுகளுக்கு அனுப்பும் சட்டத்தில் 1954 யூலையில் கையெழுத்து வைத்தவர் ஐசன்ஹோவர். இந்தியாவுக்குக் கோதுமை போனது, இலங்கைக்கும் வந்தது. மற்றப் பக்கத்தையும் சொல்லவேணும். 1952இல் இலங்கை சீனாவுக்கு இறப்பர் கொடுத்து அரிசி வாங்கும் ஒப்பந்தம் செய்ததற்காக, 1956 வரை எங்களுக்கு உதவி தர அமெரிக்கா மறுத்தது. மாவுக்கும் அரசியல் உண்டு.

இனித்தான் நான் சொல்ல வந்த விடயம். அந்தக் கம்பளத்துக்கு வருவோம்.

1953 ஏப்ரலில் ஐசன்ஹோவர் ஒரு பேச்சுப் பேசினார். ஆயுதத்துக்குச் செலவழிக்கிற காசு பசித்தவர்களிடமிருந்து பறித்த காசு என்பது அதன் சாரம். ஒரு தளபதியின் வாயிலிருந்து வந்ததால் உலகமே திரும்பிப் பார்த்தது. அது பேசி நாலு மாதத்தில், அவருடைய அனுமதியோடு அமெரிக்க உளவுத்துறையும் பிரித்தானிய உளவுத்துறையும் ஈரானின் பிரதமர் மொசாடேக்கைக் கவிழ்த்தன. எண்ணெயை நாட்டுடமையாக்கியதுதான் மொசாடேக்கின் குற்றம். ஷாவின் கை ஓங்கியது. அந்த ஷா தந்த கம்பளம்தான் வரவேற்பறையில் கிடக்கிறது. வேலைப்பாடு நல்ல வடிவுதான்.

அடுத்த வருடம் குவாத்தமாலா. இதைத்தான் என்னால் கடந்து போக முடியவில்லை. ஜக்கோபோ ஆர்பென்ஸ் என்பவரும் ஐசன்ஹோவரைப் போல இராணுவத்திலிருந்து வந்து தேர்தலில் வென்று ஜனாதிபதியானவர். 1952இல் அவர் ஒரு காணிச் சட்டம் கொண்டுவந்தார். பெரிய தோட்டங்களில் பயிரிடாமல் சும்மா கிடந்த நிலத்தை இழப்பீட்டுப் பத்திரம் கொடுத்து எடுத்து, நிலமில்லாத ஏழைகளுக்குக் கொடுப்பது. சுமார் ஒரு இலட்சம் குடும்பங்களுக்குக் காணி கிடைத்தது. ஆர்பென்ஸ் தன்னுடைய சொந்தக் காணியில் ஒரு பகுதியையும் விட்டுக்கொடுத்தார். ஆனால் அங்கே மிகப்பெரிய காணிக்காரன் வாழைப்பழம் ஏற்றுமதி செய்த அமெரிக்கக் கம்பனி. ஐசன்ஹோவரின் வெளியுறவுச் செயலாளரும், உளவுத்துறைத் தலைவரான அவருடைய தம்பியும் முன்னர் வேலை செய்த சட்ட நிறுவனம்தான் அந்தக் கம்பனிக்கு வழக்குப் பார்த்தது. ஆர்பென்ஸ் கொம்யூனிஸ்ட் என்றார்கள். 1954 யூனில் அவரைப் பதவியிலிருந்து இறக்கினார்கள். ஏழைகளுக்குக் கொடுத்த காணி திரும்பப் பறிக்கப்பட்டது. 1960இல் தொடங்கிய உள்நாட்டுப் போர் 1996 வரை நடந்தது. செத்தும் காணாமலும் போனவர்கள் இரண்டு இலட்சத்துக்கு மேல்.

நான் கனடா வந்த புதிதில் தொழிற்சாலையில் இரவு வேலை செய்தபோது பக்கத்து மெஷினில் ஒரு குவாத்தமாலாக்காரர் நின்றார். எண்பதுகளில் அகதியாக வந்தவர். இருவருக்கும் அரைகுறை ஆங்கிலம். தேநீர் இடைவேளையில் கையைக் காட்டிக் காட்டித்தான் கதை. தன் தகப்பனுக்குக் கொஞ்சக் காலம் ஒரு துண்டுக் காணி இருந்தது என்று ஒருநாள் சொன்னார். பிறகு இல்லை என்று கையை விரித்தார். ஏன் என்று அவர் சொல்லவில்லை, கேட்கிற அறிவு எனக்கும் அந்த நேரம் இல்லை. இந்த வரலாற்றைப் பிறகு வாசித்தபோது அவருடைய விரிந்த கைதான் ஞாபகம் வந்தது.

அறுபது வயதுவரை ஒரு துண்டுக் காணிக்கு ஏங்கிய மனிதருக்கு, அந்த ஏக்கம் இன்னொருவனுக்கும் இருக்கும் என்பது ஏன் தெரியாமற் போனது? இதைப் பிள்ளைகளுக்கு விளங்கப்படுத்த முயன்றேன். "அப்ப அவர் கெட்டவரோ அப்பா?" என்று மகன் கேட்டான். அவ்வளவு சுகமான கேள்வியில்லை அது. ஹங்கேரியிலிருந்து 1956இல் தப்பி ஓடியவர்களில் சுமார் 38,000 பேருக்கு, விசாக் கணக்கைப் பார்த்துக்கொண்டிராமல் கதவைத் திறந்தது இதே ஐசன்ஹோவரின் அமெரிக்கா. கனடாவும் 37,000 பேரை எடுத்தது. எங்களைப் போன்றவர்கள் பிற்காலத்தில் இங்கே வந்து இறங்க, அகதி என்ற சொல்லை இந்தச் சனத்துக்குப் பழக்கிவிட்டவர்கள் அந்த ஹங்கேரியர்கள். அதே ஐசன்ஹோவரின் அரசாங்கம்தான் 1954 கோடையில் மெக்சிக்கோத் தொழிலாளர்களை இலட்சக்கணக்கில் பிடித்து எல்லைக்கு அப்பால் அனுப்பியது. 1957இல் லிற்றில் றொக்கில் ஒன்பது கறுப்பினப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகப் படையை அனுப்பியவரும் அவரே. மகனுக்கு இவ்வளவும்தான் சொன்னேன். தீர்ப்பை அவனே எழுதட்டும்.

ஒன்றை மட்டும் நான் மனதார மெச்சுவேன். 1961 ஜனவரி 17இல் விடைபெறும் உரையில், இராணுவமும் ஆயுதத் தொழிற்சாலைகளும் சேர்ந்து அரசைத் தங்கள் கைக்குள் போட்டுவிடும் என்று எச்சரித்தார். மூன்றாம் நாள் கென்னடி பதவியேற்றதும் மனைவியோடு காரில் ஏறிப் பண்ணைக்கு வந்தார். பாதுகாப்புக்கு வந்த வாகனம் படலையடியில் ஹோர்ன் அடித்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டது. முன்னாள் ஜனாதிபதிகளுக்கு ஆயுட்காலப் பாதுகாப்புக் கொடுக்கும் சட்டம் அப்போது இல்லை, 1965இல்தான் வந்தது. நேற்றுவரை அணுகுண்டுக்குப் பொறுப்பாக இருந்தவர் இன்றைக்குத் தோட்டக்காரர். கதிரையை விட்டு எழும்பத் தெரியாத தலைவர்களைப் பார்த்துப் பழகிய எனக்கு இது பெரிய விடயமாகத்தான் படுகிறது.

1967இல் பண்ணையை நாட்டுக்கே எழுதிக் கொடுத்தார். 1969 மார்ச் 28இல் காலமானார். புதைத்தது கெற்றிஸ்பேர்க்கில் இல்லை. தான் வளர்ந்த கன்சாஸ் மாநிலத்து அபிலீன் ஊருக்குக் கொண்டுபோய், மூன்று வயதில் செத்துப்போன தன் மூத்த பிள்ளைக்குப் பக்கத்தில் அடக்கம் செய்தார்கள். இதைச் சொன்னதும் அம்மா தலையை ஆட்டினா. "பாத்தியே தம்பி, மூவாயிரம் பரப்பு இருந்தும் கடைசியிலை ஊருக்குத்தான் போனவர்." 1990இல் விட்டுவிட்டு வந்த வளவின் உறுதி இன்னும் அம்மாவின் பெட்டிக்குள்தான் கிடக்கிறது. நான் ஒன்றும் சொல்லவில்லை.

ஆர்பென்ஸும் ஊருக்குத்தான் போனார், ஆனால் பிந்தி. நாடு நாடாக அலைந்து 1971இல் மெக்சிக்கோவில் செத்தார். அவருடைய எச்சங்கள் குவாத்தமாலாவுக்குத் திரும்பியது 1995இல். குவாத்தமாலா அரசாங்கம் அவருடைய குடும்பத்திடம் மன்னிப்புக் கேட்டது 2011இல். கவிழ்த்து 57 வருடத்துக்குப் பிறகு.

நீங்கள் வாஷிங்ரன் பக்கம் போனால் கெற்றிஸ்பேர்க்குக்கும் போய் வாருங்கள். வெள்ளை மாளிகையை விட இந்த வீட்டில்தான் ஒரு ஜனாதிபதியை மனிதராகக் காணலாம். மண்ணை நேசித்த மனிதர்தான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் தன்னுடைய காணியை நேசிப்பது யாருக்கும் முடிந்த காரியம். அதிகாரம் கையில் இருக்கும்போது அடுத்தவனின் காணியை என்ன செய்தான் என்பதில்தான் ஒருவனை நான் அளப்பேன். காணியை விட்டு ஓடி வந்தவர்களிடம் இருக்கிற அளவுகோல் இது ஒன்றுதான். அதைக் கொண்டு ஐசன்ஹோவரை அளக்கிற நாங்கள், எங்கடை ஆக்களையும் அதாலேயே அளக்கவேணும்.